விட்டுவைத்த குன்று



டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்த்துவரப் போகும் பெற்றோர் இப்போது நம் வாசகர்களில் கணிசமாக இருக்கிறார்கள். நிஷிகாசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். தெருவில் நடந்தால் தமிழ் காதில் விழும். ஆனால் பிள்ளைகள் காலையில் அலுவலகம் கிளம்பிவிடுவார்கள், பேரக்குழந்தை பள்ளிக்குப் போய்விடும். மொழி தெரியாத ஊரில் பகல் முழுக்க அடுக்குமாடி வீட்டுக்குள் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? எங்கே போகலாம், நாங்களாகவே போய்த் திரும்ப முடியுமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.

உவேனோ பூங்காவுக்குப் போய்வாருங்கள். நிஷிகாசாயில் தோசாய் ரயில் ஏறி, நிஹொன்பாஷியில் கின்ஸா ரயிலுக்கு மாறினால் உவேனோ வந்துவிடும். சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்ததும் படிக்கட்டு வழியாகக் குன்றேறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் பெரிய ரயில் நிலையத்தின் ‘பூங்கா வாசல்’ எங்கே என்று கேட்டுப் போங்கள். 2020இல் அந்த வாசலைச் சற்றுத் தள்ளி அமைத்த பிறகு, சாலையைக் கடக்காமல் நேரே மரத்தடிக்குப் போய்விடலாம். பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

சுமார் 53 ஹெக்டேர், நம் கணக்கில் 130 ஏக்கர். உலகத்திலேயே நிலம் விலையேறிய நகரங்களில் ஒன்றின் நடுவில் இவ்வளவு இடம் மரமும் குளமுமாக எப்படித் தப்பியது? என் மனதைப் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். உள்ளே என்னென்ன பார்க்கலாம் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லிவிடும். தப்பிய கதையை நான் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த மர நிழலில் உட்காரும்போது உங்களுக்கே வேறு மாதிரி இருக்கும்.

டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். 1603இல் ஷோகன் பட்டம் பெற்ற டோக்குகாவா இயேயாசுவும் அவருடைய வழிவந்தவர்களும் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கிருந்து ஜப்பானை ஆண்டார்கள். பேரரசர் கியோட்டோவில் வீற்றிருப்பார். படையும் அதிகாரமும் ஷோகனிடம். எடோ கோட்டைக்கு வடகிழக்கே இருந்த இந்தக் குன்றில், 1625இல், தென்காய் என்ற பௌத்தத் துறவி கானெய்ஜி என்னும் பெரிய மடாலயத்தை நிறுவினார். வடகிழக்கை நாம் ஈசானிய மூலை என்று போற்றிப் பூஜை அறையை அங்கே வைப்போம். அவர்களுக்கோ அது தீய சக்திகள் நுழையும் திசை. அந்தத் திசைக்குக் காவலாகத்தான் மடாலயம் எழுந்தது. கியோட்டோவுக்கு வடகிழக்கே ஹியெய் மலை மடாலயம் காவல் இருப்பதைப் போல இங்கும் இருக்க வேண்டும் என்று எண்ணிய தென்காய், அந்தப் பக்கத்துக் காட்சிகளையே எடோவுக்குக் கொண்டுவந்தார். கியோமிஸு கோவிலை ஒத்த மண்டபம், பீவா ஏரியை நினைவூட்டும் குளம், குளத்துக்கு நடுவே ஒரு தீவு, யோஷினோ மலையிலிருந்து சகுரா என்னும் செர்ரி மரங்கள். எடோ மக்கள் பூப்பார்க்கக் குன்றேறும் பழக்கம் இப்படித் தொடங்கியது.

இயேயாசு 1616இல் காலமான பிறகு தெய்வமாக வணங்கப்பட்டார். ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிண்டோவில் அவருக்கென எழுந்த தோஷோகு என்னும் கோவில்களில் நிக்கோ மலையில் இருப்பதுதான் பெரும்புகழ் பெற்றது. எடோவிலிருந்து நிக்கோவுக்குப் போய்வருவது எல்லோருக்கும் முடிகிற காரியம் இல்லை. அதனால் உவேனோ குன்றில் 1627இல் எழுந்திருந்த தோஷோகுவை, இயேயாசுவின் பேரன் இயேமிட்சு 1651இல் பொன்மயமாக மாற்றிக் கட்டினார். இன்று நாம் பார்ப்பது அந்தக் கட்டடமேதான். 1868இல் போர், 1923இல் பூகம்பம், 1945இல் குண்டுவீச்சு. சுற்றிலும் எல்லாம் எரிந்தும் இடிந்தும் போன மூன்று முறையும் இது நின்றது. மரக் கட்டடம், அதுவும் டோக்கியோவில், என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த மூன்று ஆண்டுகளின் கனம் புரியும்.

கோவிலுக்குப் போகும் பாதையில் முதலில் 1633இல் வைத்த கல் தோரண வாசல். அதற்குப் பிறகு இருபுறமும் ஆளுயரத்துக்கும் மேலான கல் விளக்குகள், இருநூறுக்குக் குறையாது. நாடெங்கிலுமிருந்து குறுநில மன்னர்கள் காணிக்கையாக அனுப்பியவை. பாசி படிந்து, எழுத்துகள் மழுங்கி, சில சற்றே சாய்ந்து நிற்கின்றன. உள்ளே போகப் போகச் செம்பு விளக்குகள் வரும். வெளிச்சத்துக்காக ஏற்றுபவை அல்ல இவை, சடங்குகளின்போது தூய நெருப்பு வளர்ப்பதற்கானவை. கடைசியில், பொன் தகடு வேய்ந்த முகப்பு வாசல். அதன் இரண்டு தூண்களிலும் இரண்டு டிராகன்கள். ஹிதாரி ஜிங்கோரோ என்ற புகழ்பெற்ற சிற்பி செதுக்கியவை என்பது மரபு. இரவானால் இரண்டும் தூணை விட்டு இறங்கிக் குன்றடியில் இருக்கும் குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் என்று எடோ குழந்தைகளுக்குப் பாட்டிமார் சொன்ன கதை இன்றும் உலவுகிறது. தலையைத் தாழ்த்தியிருப்பதற்கு ‘மேலேறும் டிராகன்’ என்று பெயர். பெரியவர்கள்தான் தலை தாழ்த்துவார்கள் என்று காரணம் சொல்கிறார்கள்.

குளிர்காலத்தில் போக வாய்த்தால் கோவிலை ஒட்டியுள்ள பியோனி தோட்டத்தைத் தவறவிடாதீர்கள். 1980இல், ஜப்பான் சீன நட்பின் அடையாளமாக அமைத்தது. ஜனவரிக் குளிரில், உள்ளங்கையை விடப் பெரிய பூக்கள் ஒவ்வொன்றுக்கும் வைக்கோலால் கூம்புக் குடிசை கட்டி, பனி விழாமல் காத்து வைத்திருப்பார்கள். ஒரு பூவுக்கு ஒரு குடிசை. அதைக் கட்டும் கைகளின் பொறுமையை எண்ணியபடி நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

கோவில் பாதையிலிருந்து வலப்பக்கம் பார்த்தால் மரங்களுக்கு மேலே ஒரு ஐந்தடுக்குக் கோபுரம் தெரியும். 1639இல் எழுந்தது. தோஷோகுவுக்கு உரிய பௌத்தக் கோபுரம் அது. ஷிண்டோவும் பௌத்தமும் ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்த காலம் 1868இல் முடிவுக்கு வந்தது. புதிய அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. ஷிண்டோ கோவில்களில் இருந்த பௌத்தக் கட்டடங்கள் நாடெங்கும் இடிபட்டன. அப்போது தோஷோகுவின் தலைமைப் பூசகர், இந்தக் கோபுரம் எங்களுடையது இல்லை, கானெய்ஜிக்குச் சொந்தம் என்று அரசிடம் சொல்லிவிட்டார். கோபுரம் பிழைத்தது. பிறகு அதைப் பராமரிக்கக் கானெய்ஜிக்கு இயலாமல் போகவே, 1958இல் நகர நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டது. இப்போது அது விலங்குக் காட்சிசாலையின் வேலிக்குள் நிற்கிறது. தன் கோவிலின் பெருமையைத் தானே உதறிவிட்டு ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிய அந்தப் பூசகர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

அந்த 1868ஆம் ஆண்டுக்கு வருவோம். ஷோகன் ஆட்சி முடிந்து, பேரரசரின் பெயரில் புதிய அரசு அமைந்த ஆண்டு. கடைசி ஷோகன் யோஷினோபு எதிர்த்து நிற்காமல் கானெய்ஜிக்கு வந்து ஒடுங்கி இருந்தார். எடோ கோட்டையும் சண்டையின்றிக் கைமாறியது. ஆனால் அவருடைய வீரர்களில் ஒரு பிரிவினருக்கு மனம் ஆறவில்லை. ஷோகிதாய் என்ற பெயரில் திரண்டு, அவர் ஊரை விட்டுப் போன பிறகும் இந்தக் குன்றை விட்டு இறங்க மறுத்தார்கள். ஜூலை 4ஆம் நாள் அரசுப் படை தாக்கியது. குளத்துக்கு அக்கரை மேட்டிலிருந்து ஆங்கிலேய ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள் முழங்கின. ஒரே நாளில் போர் முடிந்தது, கானெய்ஜியின் பெரும்பகுதி சாம்பலானது. தோற்றவர்களின் உடல்களை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை, மழையில் அப்படியே கிடந்தன. கடைசியில் மினோவாவில் உள்ள என்ட்சூஜி மடத்தின் துறவி வந்து 266 பேருக்குத் தகனம் செய்து அடக்கம் செய்தார். குண்டு துளைத்த கானெய்ஜியின் கறுப்பு வாசல் இன்று அந்த மடத்தில்தான் இருக்கிறது.

குன்றின் தெற்கு முனையில் ஒரு கல்லறை மேடை இருக்கிறது. அதில் ‘போரில் இறந்தோர் கல்லறை’ என்று மட்டும் செதுக்கியிருக்கும். ஷோகிதாய் என்ற பெயர் இல்லை. புதிய அரசுக்கு அஞ்சி விட்டுவிட்டார்கள். அதற்குச் சில அடி முன்னால், எளிய கிமோனோ உடுத்தி, நாயைக் கையில் பிடித்தபடி நிற்கும் பருத்த மனிதரின் வெண்கலச் சிலை. அவர்தான் சைகோ தக்காமோரி. அன்று இந்தக் குன்றைத் தாக்கிய படைத்தலைவர்களில் ஒருவர். அவருடைய கதையும் நேர்கோட்டில் போகவில்லை. தான் உருவாக்கிய அரசை எதிர்த்து 1877இல் கலகத்துக்குத் தலைமை தாங்கித் தோற்று, அதே ஆண்டு செப்டம்பரில் உயிர் விட்டார். அவர் தெற்கே போரிட்டுக்கொண்டிருந்த வேளையில் இதே உவேனோவில் நாட்டின் முதல் தேசியத் தொழில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது! துரோகி என்ற பழி 1889இல் நீங்கியது. 1898இல் தக்காமுரா கோஉன் வடித்த இந்தச் சிலை வந்தது. வென்றவரும், அவரால் தோற்றவர்களும், பிறகு தானே தோற்றுப்போன அந்த வென்றவரும் ஒரே மரநிழலில் இருக்கிறார்கள். சிலையைப் படம் எடுக்கும் கூட்டத்தில் பின்னால் உள்ள கல்லறைப் பக்கம் திரும்புபவர்கள் குறைவு. நீங்கள் போனால் திரும்பிப் பாருங்கள்.

போருக்குப் பிறகு குன்று வெறிச்சோடிப் போனது. எரிந்த நிலம், அரசின் கையில். மருத்துவப் பள்ளியும் மருத்துவமனையும் கட்ட முடிவு செய்தார்கள். நல்ல நோக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. முன்பு நாகசாகியில் மருத்துவம் கற்பித்த டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியஸ் பௌடுவினை 1870இல் இடத்தைப் பார்க்க அழைத்தார்கள். மருத்துவமனைக்கு இடம் பார்க்க வந்த மருத்துவர், இங்கே மருத்துவமனை கட்ட வேண்டாம் என்றார். இத்தனை மரங்கள் உள்ள குன்றை மக்கள் வந்து உலவும் பூங்காவாக விட்டுவிடுங்கள் என்று அரசுக்கு யோசனை சொன்னார். அரசும் கேட்டது. பொதுப் பூங்கா என்ற ஏற்பாடே ஜப்பானில் 1873இல் வந்த ஆணையால்தான் பிறந்தது. முதலில் அறிவிக்கப்பட்ட ஐந்து டோக்கியோ பூங்காக்களில் உவேனோ ஒன்று. மருத்துவமனை வேறிடத்தில் எழுந்தது. யாருக்கும் நட்டம் இல்லை.

இந்த மனிதருக்கு நன்றி சொல்ல, நூறு ஆண்டு கழித்து, 1973இல் மார்பளவுச் சிலை வைத்தார்கள். அது அவருடைய உருவமே இல்லை, துணைத்தூதராக இருந்த அவருடைய சகோதரரின் உருவம் என்பது பிறகு தெரியவந்தது. புகைப்படம் மாறிப்போயிருந்தது. 2006இல் பழையதை எடுத்துவிட்டு அவருடைய சொந்த முகத்தை வைத்தார்கள். பெரிய நீரூற்றுக்குப் பக்கத்தில் மரங்களுக்கிடையே இருக்கிறது. இந்த ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அவர் அன்று சரி என்று தலையாட்டியிருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தில் மருத்துவமனைச் சுவர் இருந்திருக்கும்.

அந்த ஒரு யோசனையோடு ஆபத்து தீர்ந்துவிடவில்லை. குன்றடியில் இருக்கும் ஷினோபாசு குளத்தைப் பாருங்கள். 1884 முதல் சில ஆண்டுகள் அதைச் சுற்றிக் குதிரைப் பந்தயம் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பஞ்சம் வந்தபோது நீரை வடித்துவிட்டுப் பயிர் வைத்தார்கள். போர் முடிந்ததும் குளத்தைத் தூர்த்து பேஸ்பால் மைதானம் கட்டலாம் என்ற திட்டம் வந்தது. மறுபடியும் நல்ல நோக்கம். சோர்ந்து கிடந்த மக்களுக்கு விளையாட்டு வேண்டாமா? ஆனால் 1949இல், குளமாகவே திருப்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். இன்று ஜூலை கடைசியில் போனால் குளத்தின் ஒரு பாகம் முழுக்கத் தாமரை இலையால் மூடி, நீரே தெரியாது. இலைகள் நம் தோள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். விடியலில் மலர்வது நண்பகலுக்குள் கூம்பிவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். சகுரா வாரத்தில் உவேனோவைப் பார்க்கச் சொல்லி எல்லோரும் ஆசை காட்டுவார்கள். ஆயிரக்கணக்கானோர் நீலப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த நெரிசலில் வயதானவர்கள் நிற்கக்கூட இடம் கிடைக்காது. என்னைக் கேட்டால் தாமரைக் காலம்தான் நமக்கு ஏற்றது.

குளத்து நடுவே தீவில் இருக்கும் எண்கோணக் கோவிலின் தெய்வம் பென்சைதென். நம் சரஸ்வதிதான். பௌத்த நூல்களோடு சீனம் வழியாக ஜப்பான் போனவள். இங்கே அவளுக்கு எட்டுக் கை. முன்னால் ஒரு பெரிய பீவா வாத்தியத்தின் உருவம்; வீணை அங்கே பீவா ஆகிவிட்டது. கோவில் 1945இல் குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் மறுபடி எழுந்தது. என்னை அங்கே நெகிழ வைத்தவை சுற்றியுள்ள நினைவுக் கற்கள். தேய்ந்துபோன சமையல் கத்திகளுக்கு ஒன்று, பழைய மூக்குக் கண்ணாடிகளுக்கு ஒன்று. சமையலுக்கு உயிர் தந்த மீனுக்கும் கோழிக்கும் ஆமைக்கும் தனித்தனியே. அந்தந்தத் தொழில் செய்பவர்கள் நன்றிக்காக நட்டவை. ஆயுத பூஜையன்று அரிவாள்மணையையும் தராசையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சரஸ்வதி முன் வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. யார் யாரிடம் கற்றார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. அவள் சன்னதியில் கத்திக்கும் கண்ணாடிக்கும் அங்கேயும் மரியாதை நடக்கிறது, அவ்வளவுதான்.

இனி நான் எழுதப்போவதைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

உவேனோ விலங்குக் காட்சிசாலை 1882இல் திறந்தது, ஜப்பானின் முதல் காட்சிசாலை. 1943இல் அங்கே மூன்று யானைகள் இருந்தன. ஜான், டோங்கி இரண்டும் இந்தியாவிலிருந்து போனவை, வான்லி சயாமிலிருந்து. குண்டு விழுந்தால் விலங்குகள் தப்பித்து ஊருக்குள் வந்துவிடும் என்று காரணம் காட்டி, ஆபத்தான விலங்குகளையெல்லாம் கொன்றுவிடும்படி அந்த ஆகஸ்டில் டோக்கியோ ஆளுநர் ஆணையிட்டார். நகரத்தின் மேல் பெருங்குண்டுவீச்சு அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. சிங்கம், புலி, கரடி என்று ஒவ்வொன்றாக விஷம் வைத்தார்கள். யானைகள் விஷம் கலந்த உருளைக்கிழங்கை மட்டும் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டன. பட்டினி போடுவது என்று முடிவானது. டோங்கியை செண்டாய் நகரத்துக் காட்சிசாலைக்கு அனுப்பிக் காப்பாற்றப் பொறுப்பாளர்கள் ஏற்பாடு செய்தார்கள், ஆளுநர் மறுத்துவிட்டார். பாகர்களைக் கண்டபோதெல்லாம், கற்றுக்கொடுத்த வித்தைகளைச் செய்து காட்டினால் தீனி கிடைக்கும் என்று, நிற்க வலுவில்லாத நிலையிலும் அவை காலைத் தூக்கிக் காட்டின என்று சொல்வார்கள். செப்டம்பர் 4ஆம் நாள் இறந்த விலங்குகளுக்குப் பெரிய அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பள்ளிக் குழந்தைகளும் வந்திருந்தார்கள். யானைகளுக்கும் சேர்த்து மந்திரம் ஓதினார்கள். அந்த நேரத்தில் வான்லியும் டோங்கியும் துணி கட்டி மறைத்த கொட்டிலுக்குள் உயிரோடு இருந்தன. வான்லி செப்டம்பர் 11ஆம் நாள் இறந்தது. டோங்கி 23ஆம் நாள்.

போர் முடிந்தது. உவேனோவில் யானை இல்லை. நாடு முழுவதிலும் பிழைத்திருந்த இரண்டும் நாகோயாவில் இருந்தன. அவற்றில் ஒன்றையாவது கொடுங்கள் என்று டோக்கியோ குழந்தைகள் கேட்டார்கள்; பிரிந்தால் அவை தாங்காது என்று நாகோயா மறுத்தது. குழந்தைகளை யானை பார்க்க அழைத்துப்போகத் தனி ரயில்கள் ஓடின. உவேனோவை உள்ளடக்கிய தைத்தோ வட்டத்துக் குழந்தைகள் தங்களுக்கென்று ஒரு மன்றம் கூட்டி யானை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்தியப் பிரதமருக்குக் கடிதங்களும் படங்களும் குவிந்தன. ஜப்பானுக்குப் போயிருந்த ஓர் இந்திய வணிகர் அவற்றை எடுத்துவந்து நேருவிடம் சேர்த்தார். நேரு மைசூர்ப் பக்கத்து யானை ஒன்றைத் தேர்ந்து, தன் மகளின் பெயரான இந்திரா என்ற பெயரைச் சூட்டி அனுப்பினார். இது தன்னுடைய பரிசு இல்லை, இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்று கடிதமும் எழுதினார்.

1949 செப்டம்பர் இறுதியில் கப்பல் வந்தது. இந்திரா துறைமுகத்திலிருந்து உவேனோவுக்கு நள்ளிரவில் நடந்தே வந்தாள். கூடவே வந்த இந்தியப் பாகர்கள், அவளுக்குப் புரிந்த சொற்களை ஜப்பானியப் பாகர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். மறு ஆண்டு இந்திராவை ஊர் ஊராக அழைத்துப்போய்க் காட்டினார்கள். 1957இல் ஜப்பான் போன நேரு, மகள் இந்திராவோடு உவேனோவுக்கு வந்து யானை இந்திராவைப் பார்த்தார். 1983 வரை அவள் அங்கே வாழ்ந்தாள்.

காட்சிசாலைக்குள் இறந்த விலங்குகளுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. நான் போனபோது மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக் குழந்தைகள் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்து ஆசிரியை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஊர் ஆளுநர் இட்ட ஆணை, உயிரோடு இருந்தவைக்கு நடந்த அஞ்சலி எல்லாமே வெளிப்படையாக எழுதப்பட்டும் பேசப்பட்டும் வருகிறது. மறைக்கவில்லை என்பதற்காகவே அந்த இடத்தை நான் மதிக்கிறேன்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ல கொர்பூசியே வடிவமைத்து 1959இல் திறந்த மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். நம் சண்டிகர் கேப்பிட்டல் வளாகத்தோடு ஒரே பட்டியலில் 2016இல் யுனெஸ்கோ சிறப்புப் பெற்றது. அதையும் தேசிய அருங்காட்சியகத்தையும் மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு மேட்டில் சுவரில் பதித்த புத்தரின் முகம் மட்டும் இருக்கும். ஒரு காலத்தில் பெரிய சிலையாக இருந்தது. 1923 பூகம்பத்தில் தலை விழுந்தது, உடலைப் போருக்காக உருக்கிவிட்டார்கள், முகம் மிஞ்சியது. இதற்கு மேல் விழ முடியாத புத்தர் என்று தேர்வெழுதும் மாணவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

அந்த 1923 பூகம்பத்தின்போது தீக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் ஓடிவந்து சேர்ந்த இடம் இந்தக் குன்று. மனைவியைத் தேடுபவர், குழந்தையைத் தேடுபவர் எல்லோரும் பெயரெழுதிய தாள்களைச் சைகோவின் சிலை மேல் ஒட்டினார்கள். கால் முதல் மார்பு வரை தாள் மூடிய சிலையின் புகைப்படம் இருக்கிறது. மறு ஆண்டு, 1924இல், அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த பூங்கா நகரத்துக்கே கொடையாக வந்தது. 1945இல் பெற்றோரை இழந்த சிறுவர்கள் உவேனோ ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் படுத்துறங்கினார்கள். பிற்காலத்தில், வடக்கிலிருந்து கூலி வேலைக்கு வந்து, வயதாகி, வேலையும் வீடும் இல்லாமல் போனவர்கள் இதே பூங்காவில் தார்ப்பாய்க் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அப்படி ஒருவரின் குரலில் யூ மிரி எழுதிய நாவல் 2014இல் வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. அரச குடும்பத்தினர் பூங்காவுக்கு வரும் நாட்களில் குடிசைவாசிகளை எழுப்பி அப்புறப்படுத்தியதையும் அந்த நாவல் சொல்கிறது. யாருக்கும் இடம் இல்லாதபோது எல்லோருக்கும் இடம் கொடுத்த குன்று சில நாட்களில் அவர்களுக்கு இல்லாமல் போனது. இதையும் தெரிந்துகொண்டு போங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

நடைமுறைக்கு ஒன்றிரண்டு. பூங்காவில் பெஞ்சுகளும் கழிப்பறைகளும் தாராளம். குப்பைத் தொட்டியை நம்ப வேண்டாம், ஒரு பை கையில் இருக்கட்டும். எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோவிலின் விளக்குப் பாதையில் நடக்கப் பணம் இல்லை. பொன் வாசலுக்கு அப்பால் உள்ளே போகத்தான் சிறு கட்டணம். விலங்குக் காட்சிசாலைக்குத் திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் தங்கும் நாட்களில் மறுபடி மறுபடி போகலாம், ரயில் வழி பழகிவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கட்டடமாகப் போகவிருந்து கடைசியில் மரமாகவோ குளமாகவோ மைதானமாகவோ தங்கிவிட்ட இடம் எது? வேண்டாம் என்று முதலில் சொன்னவர் யார்? அவர் ஆசிரியரோ தாசில்தாரோ டீக்கடைக்காரரோ, விசாரித்து எழுதுங்கள். அவருடைய புகைப்படம் கிடைத்தால், வீட்டாரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அதற்கென்றே பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்